துருப்பை மறைத்து ஆடும் சீட்டும் நம் செய்திகளில் வரும் சூதாட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்மாய்க் கரையிலோ தென்னந்தோப்பிலோ சீட்டாடியவர்களைக் காவல் துறையினர் சுற்றி வளைத்துப் பிடித்த செய்தி தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் அடிக்கடி வெளிவருகிறது. பிடிபட்டவர்கள் எத்தனை பேர், கைப்பற்றிய ரொக்கம் எவ்வளவு, நிறுத்தி வைத்திருந்த இரு சக்கர வாகனங்கள் எத்தனை என்பதெல்லாம் அச்செய்தியில் தவறாமல் இருக்கும். அவர்கள் ஆடியது எந்த ஆட்டம் என்பது மட்டும் இருக்காது. "சீட்டு விளையாடியவர்கள் கைது" என்று தலைப்பிட்டுவிட்டால், சீட்டுக்கட்டைக் கையில் எடுக்கிற எவரும் அந்த வரிசையில் நிற்க வேண்டியவர்தான் என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் படிந்துவிடுகிறது.

இது வெறும் தலைப்புப் பிரச்சினை அன்று. திருமங்கலத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் நான்கு பேர் எதிரெதிராக உட்கார்ந்து இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தவர், மற்ற இருவரும் விவசாயிகள். தரையில் ஒரு ரூபாய்கூட இருக்காது. ஆனாலும் பள்ளிவிட்டுப் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த வழியே வருகிறவர்கள், "அங்கிட்டுப் பாக்காத, சூதாடுறாங்க" என்று பிள்ளையின் தலையை மறுபக்கம் திருப்பிவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அதே திண்ணையில் அவர்கள் சதுரங்கப் பலகையை விரித்திருந்தால், "தாத்தா எப்படி ஆடுறாங்க பாரு" என்று அதே பிள்ளையை நிறுத்திக் காட்டியிருப்பார்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் நம் தலைப்புகளைவிடக் கவனமாக நடந்துகொண்டிருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டத் தடைச் சட்டமே, திறனை மட்டும் நம்பி ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. 1968-இல், ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் இடையிலான வழக்கில் ரம்மியைப் பற்றி ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், மூன்று சீட்டு போல அது முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது அன்று என்றும், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளவும் எதை வைப்பது எதைக் கழிப்பது என்று முடிவெடுக்கவும் திறன் வேண்டும் என்றும், ரம்மியில் இருக்கிற தற்செயல், பிரிட்ஜ் ஆட்டத்தில் சீட்டைப் பிரித்துப் போடும்போது நேர்கிற தற்செயலை ஒத்ததே என்றும் கூறியது. இடம் கொடுத்தவர் அந்த ஆட்டத்தில் இலாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்பதையும் அதே தீர்ப்பு சொல்லாமல் விடவில்லை. இணையச் சூதாட்டத்துக்கு எதிராக நம் மாநிலம் 2022-இல் கொண்டுவந்த சட்டத்தை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டபோதும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று வகைப்படுத்திய அட்டவணையை மட்டும் செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ திறனா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்குள்ளேயே போகாமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்துவிட்டது. கைப்பேசியில் பணத்தைத் தொலைத்துக் குடும்பத்தைத் தவிக்கவிட்டவர்கள் எங்கள் பகுதியிலும் உண்டு என்பதால், அந்தத் தடையை நான் முழு மனத்துடன் வரவேற்கிறேன். நான் கேட்பதெல்லாம், குற்றம் பணத்தில் இருக்கும்போது பழியைச் சீட்டின் மேல் போட வேண்டாம் என்பதுதான். அதிலும் இருபத்தெட்டு, முந்நூற்றுநாலு ஆகிய இரண்டும் பணம் இல்லாமலே தம் சொந்தக் காலில் நிற்கக்கூடிய ஆட்டங்கள் என்பதைச் சற்று விரிவாகவே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். ஆசிரியர் பொறுத்தருள வேண்டும்.

அறியாத வாசகர்களுக்காக அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையிலான சீட்டுகளை ஒதுக்கிவிட்டால் 32 சீட்டுகள் மிஞ்சும். நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். சீட்டுப் போடுவதும் ஆட்டம் சுற்றி வருவதும் வலப்புறமாக. ஸ்பேடு, ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்ற நான்கு இனங்களில் ஒருவர் இறக்கிய இனத்தையே மற்றவர்களும் இறக்க வேண்டும். அந்த இனத்தில் பெரிய சீட்டைப் போட்டவருக்குப் பிடி, அதாவது அந்தச் சுற்றில் விழுந்த நான்கு சீட்டுகளும். ராஜாவும் ராணியும் கீழே போய், ஜாக்கி எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருப்பது இதன் முதல் விநோதம். ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு என்பது வரிசை. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. ஆக ஓர் இனத்துக்கு 7 புள்ளிகள், நான்கு இனங்களுக்கு 28. ஆட்டத்தின் பெயரும் அதுவே.

சீட்டை ஒரே தடவையில் போட்டு முடிப்பதில்லை. முதலில் ஆளுக்கு நான்கு. அந்த நான்கை மட்டும் பார்த்துக்கொண்டு, 28-இல் எத்தனை புள்ளிகளைத் தம் அணி எடுக்கும் என்று ஒவ்வொருவரும் கேள்வி கேட்கிறார்கள். 14-இல் தொடங்குவது வழக்கம். அதிகம் கேட்டவர், தம் கையிலிருக்கும் நான்கில் ஒன்றை எடுத்து, யாருக்கும் காட்டாமல் தரையில் கவிழ்த்து வைக்கிறார். அதன் இனம்தான் துருப்பு, அதாவது மற்ற இனங்களை வெட்டிப் பிடியை எடுக்கும் இனம். அதற்குப் பிறகே மீதி நான்கு சீட்டுகள் வருகின்றன. பாதிக் கையை மட்டும் பார்த்துவிட்டு, முழு ஆட்டத்துக்கும் தலைவிதி எழுதுவது போன்ற காரியம் இது.

துருப்பு வைத்து ஆடும் ஆட்டங்கள் உலகில் ஏராளம். பெரும்பாலானவற்றில் இன்ன இனம் துருப்பு என்பது முதல் சீட்டு விழுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பிரிட்ஜ் ஆட்டத்தில் அது மட்டுமன்று, கேள்வி கேட்டவருடைய கூட்டாளியின் 13 சீட்டுகளும் மேசையில் திறந்து வைக்கப்படுகின்றன. அங்கே கால் பங்குச் சீட்டுகளை எல்லோரும் பார்த்துக்கொண்டு ஆடுகிறார்கள். இங்கே அனைத்திலும் முக்கியமான அந்த ஒரு சீட்டை, வைத்தவரைத் தவிர யாரும் பார்க்காமல் ஆடுகிறார்கள். கவிழ்ந்திருக்கும்வரை துருப்புக்கு உயிரில்லை. கேள்வி கேட்டவர் கையில் அந்த இனத்துச் சீட்டுகள் எத்தனை இருந்தாலும் அவை சாதாரணச் சீட்டுகளே. அவற்றால் எதையும் வெட்ட முடியாது. வேறு இனம் கையில் இருக்கும்போது அவரே முன்வந்து துருப்பு இனத்தை இறக்கவும் கூடாது. இறக்கிய இனம் தம்மிடம் இல்லாத ஒருவர், "துருப்பைக் காட்டுங்கள்" என்று கேட்கும் கணத்தில்தான் அந்தச் சீட்டு திரும்புகிறது. கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேண்டாம் என்றால் ஏதோ ஒரு சீட்டைக் கழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம்.

கேட்பதா, விடுவதா என்ற அந்த ஒரு முடிவில்தான் ஆட்டத்தின் சாரமெல்லாம் இருக்கிறது என்பேன். ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

எதிரணியில் ஒருவர் 18 கேட்டுத் துருப்பைக் கவிழ்த்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். முதல் பிடியில் அவர் ஸ்பேடு ஜாக்கியை இறக்குகிறார். அவருக்கு அடுத்து வலப்புறம் இருக்கும் என்னிடம் ஸ்பேடு ஏழு ஒன்றுதான், போட்டுவிட்டேன். எல்லோரும் ஸ்பேடு போட்டுப் பிடி அவருக்குப் போகிறது. அடுத்து ஸ்பேடு ஒன்பதை இறக்குகிறார். இப்போது என் கையில் ஆர்ட்டினில் ஒன்பது, ராஜா, ஏழு. டைமனில் ஜாக்கி, ஏஸ், ராணி, எட்டு. ஸ்பேடு இல்லை, கிளாவரும் இல்லை. தரையில் இரண்டு புள்ளி கிடக்கிறது. துருப்பு ஆர்ட்டினாக இருந்தால், காட்டச் சொல்லி ஓர் ஏழை வைத்து வெட்டி, அந்த இரண்டையும் பின்னால் விழுவதையும் என் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். கை பரபரக்கும் இடம் இது. புதிதாக ஆடுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த இடத்தில் வாயைத் திறந்துவிடுவார்கள்.

பழகியவர் முதலில் யோசிப்பது, கவிழ்ந்திருப்பது எதுவாக இருக்க முடியாது என்பதைத்தான். அவரே ஸ்பேடை இறக்குகிறார். கை முழுக்கத் துருப்பாகவே இருந்தாலொழிய அவரால் துருப்பை இறக்க முடியாது. ஆகவே ஸ்பேடு இல்லை என்றே கொள்ளலாம். டைமனில் ஜாக்கியும் ஏஸும் என்னிடம் இருக்கின்றன. நான்கு சீட்டை மட்டும் பார்த்து 18 வரை ஏறிய மனிதர், ஜாக்கி இல்லாத இனத்தைத் துருப்பாக வைத்திருக்க மாட்டார். மீதி ஆர்ட்டினும் கிளாவரும். ஸ்பேடு ஜாக்கியும் ஒன்பதும் இரண்டுமே முதல் நான்கில் வந்திருந்தால் அநேகமாக ஸ்பேடையே துருப்பாக்கியிருப்பார்; ஆகவே அவற்றில் ஒன்றாவது இரண்டாம் சுற்றில் வந்திருக்க வேண்டும். அப்படியானால் 18 கேட்கும் துணிச்சலை அவருக்குக் கொடுத்தது வேறோர் இனத்தின் ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்த ஜோடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆர்ட்டின் ஒன்பதோ என் கையில் இருக்கிறது. எனவே கவிழ்ந்திருப்பது கிளாவர் என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. அந்த இனத்தில் என்னிடம் ஒரு சீட்டுகூட இல்லை.

இந்த நிலையில் வாயைத் திறந்து காட்டச் சொன்னால் என்ன ஆகும்? என்னால் வெட்ட முடியாது. இரண்டு புள்ளியும் எப்படியும் அவருக்கே போகும். அதுவரை செத்துக் கிடந்த அவருடைய கிளாவருக்கு என் வாயாலேயே உயிர் கொடுத்தவன் ஆவேன். அடுத்த பிடியிலேயே துருப்பை இறக்கி எங்கள் கையை உருவத் தொடங்கிவிடுவார். நாளைக்கு நான் நம்பியிருக்கும் டைமன் ஜாக்கியையும் வெட்டிக்கொண்டு போவார். ஆகவே ஆர்ட்டின் ஏழைக் கழித்துவிட்டுச் சும்மா இருப்பதே சரி. இரண்டு புள்ளி போகட்டும்.

இதோடு முடிந்துவிடவில்லை. நான் காட்டச் சொல்லவில்லை என்பதை மற்ற மூவரும் பார்க்கிறார்கள். ஸ்பேடு இல்லாமலும் கேட்காமல் விட்டிருக்கிறானே என்றால், துருப்பு என்று இவன் நினைக்கிற இனம் இவன் கையில் இல்லை என்று என் கூட்டாளி எடுத்துக்கொள்வார். தம் கையில் எந்த இனம் குறைவு என்று பார்த்து அவரும் கவிழ்ந்த சீட்டை ஓரளவு ஊகித்துவிடுவார். கேள்வி கேட்டவரும் அதே செய்தியைப் படிக்கிறார். ஆனால் துருப்பு எதுவென்று அவருக்குத் தெரியுமாதலால், என்னிடம் அது இல்லை என்பதை உறுதியாகவே தெரிந்துகொள்கிறார். கேட்டவருடைய கூட்டாளியின் பாடுதான் இன்னும் சிக்கல். தம் அணியின் துருப்புக்கு உயிர் வர வேண்டும் என்று அவர் விரும்புவார். ஆனால் அவரும் இறக்கிய இனம் தம் கையில் இல்லாத நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அப்போதும் துருப்பு எதுவென்று அவருக்கும் தெரியாது. ஒரே அணியில் இருந்துகொண்டு கூட்டாளியின் இரகசியத்தை ஊகிக்க வேண்டிய நிலை, இதையும் முந்நூற்றுநாலையும் தவிர, நான் அறிந்த வேறு சீட்டாட்டங்களில் இல்லை. சைகை காட்டுவது, இருமுவது, சீட்டைத் தட்டுவது எல்லாம் கள்ளாட்டம் என்பதால், விழும் சீட்டும் விழாத கேள்வியும் மட்டுமே பேச்சு.

எங்கள் உறவில் ஒரு அத்தை இருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு மண்டபத்தில் பந்தி முடிந்து பாத்திரமெல்லாம் ஒதுங்கிய பிறகு, ஜமுக்காளத்தில் உட்கார்ந்து ஆண்களோடு சரிக்குச் சரியாக ஆடுவார். அவர் துருப்பைக் காட்டச் சொல்வதே அபூர்வம். சொல்லும்போது மட்டும், வெட்டுவதற்கான சீட்டை முன்னதாகவே பிரித்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, "திருப்புங்க மாப்பிள்ளை, பார்ப்போம்" என்பார். சீட்டு திரும்புவதற்கும் அவர் வெட்டுவதற்கும் இடையில் கண்ணிமைக்கும் நேரம்கூட இருக்காது. பார்ப்பதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை என்பதும், எப்போதோ கண்டுபிடித்துவிட்டார் என்பதும் அந்த மாப்பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அந்த அம்மையாரின் கணக்கை, அதிர்ஷ்டம் என்ற சொல்லில் அடைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

முந்நூற்றுநாலு இதற்கு அண்ணன் முறை. யாழ்ப்பாணத்தில் அது இன்றும் வீட்டுக்கு வீடு ஆடப்படும் ஆட்டம். சீட்டின் வரிசை அதேதான். புள்ளிகள் மட்டும் பெருத்துவிடும். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76. நான்கையும் கூட்டினால் 304. துருப்பை மறைக்கும் முறையில்தான் இது இருபத்தெட்டிலிருந்து பிரிகிறது. என் கண்ணுக்கு அந்த முறை இன்னும் நுட்பமானது. இங்கே யாரும் துருப்பைக் காட்டச் சொல்வதில்லை. இறக்கிய இனம் இல்லாதவர், தாம் போடும் சீட்டையே கவிழ்த்துப் போடுகிறார். அது துருப்பாக இருக்கும் என்ற ஊகத்தில் போட்டதாக இருக்கலாம். வேண்டாத சீட்டைக் கழித்ததாகவும் இருக்கலாம். பிடி முடிந்ததும், கேள்வி கேட்டவர் ஒருவர் மட்டும் கவிழ்ந்து கிடக்கும் சீட்டுகளை எடுத்துப் பார்க்கிறார். அவற்றில் துருப்பு இருந்தால் அதைத் திருப்பிக் காட்டித் தம் துருப்பையும் வெளிப்படுத்த வேண்டும். பிடி வெட்டியவருக்குப் போகும். இல்லையென்றால் பார்த்த சீட்டை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார். என்ன சீட்டு விழுந்தது என்பது போட்டவருக்கும் பார்த்தவருக்கும் மட்டுமே தெரியும்.

இதில் ஆசிரியர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமக்குப் பாதகமான சீட்டைத் தாமே எடுத்துப் பார்த்து, தாமே "வெட்டு" என்று அறிவித்து, பிடியை எதிரிக்குத் தள்ளிவிட வேண்டிய பொறுப்பு கேட்டவரிடம் இருக்கிறது. அந்தக் கணத்தில் அவர் மறைத்துவிட்டால் மற்ற இருவருக்கும் தெரியாது. போட்டவர் துருப்பு எதுவென்று அறியாதவராதலால் அவருக்கும் தெரியாது. ஆட்டம் முடிந்து பிடிகளைப் புரட்டிப் பார்க்கும்போதுதான் வெளிவரும். அப்படி ஒரு முறை வெளிவந்தால் அந்த ஆளோடு மறுபடி யாரும் உட்கார மாட்டார்கள். எதிரியின் நாணயத்தை விதிக்குள்ளேயே ஓர் உறுப்பாக வைத்துக் கட்டிய இந்த ஆட்டத்தையும், கட்டை வெட்டி மூன்று சீட்டைப் போட்டுப் பணத்தை அள்ளும் ஆட்டத்தையும் ஒரே தலைப்பில் எழுதுவது நியாயமாகப் படவில்லை.

பணம் இல்லாமல் இவை ஏன் சுவைக்கின்றன என்பதற்கும் காரணம் விதியிலேயே இருக்கிறது. மூன்று சீட்டில் பந்தயத்தை எடுத்துவிட்டால் எதுவும் மிஞ்சாது. யாருக்கு என்ன சீட்டு வந்தது என்று திருப்பிப் பார்ப்பதோடு முடிந்துவிடும். இருபத்தெட்டில் பந்தயம் என்பது கேள்வியிலேயே இருக்கிறது. பாதிக் கையை வைத்துக்கொண்டு "பத்தொன்பது" என்று நால்வர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்கிறவர் தம் கணிப்பைத்தான் பணயம் வைக்கிறார். பதினெட்டில் நின்றுபோனால் அந்த அவமானமே தண்டனைக்குப் போதும். கூட்டாளியின் முகத்தை வேறு பார்க்க வேண்டும். மதிப்பெண் வைப்பதற்குக்கூட வெளியிலிருந்து ஒன்றும் வேண்டாம். ஒதுக்கி வைத்த சீட்டுகளில் இருக்கும் ஆறுகளையே எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்தி, எத்தனை புள்ளி தெரிகிறதோ அதைக் கணக்காக வைத்துக்கொள்வார்கள். கேரளத்தில் தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டுதான் அடுத்த ஆட்டத்தை ஆட வேண்டும் என்ற வழக்கம் உண்டு; அதைவிட மலிவான, அதைவிட உறைக்கிற அபராதத்தை நான் கண்டதில்லை. டீக்கும் வடைக்கும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. இதையே பெரும் பணம் வைத்து ஆடுகிறவர்களும் எங்காவது இருக்கக்கூடும். அப்படி ஆடிப் பிடிபட்டால், இருபத்தெட்டு ஆடினார்கள் என்று பெயர் சொல்லியே எழுதட்டும், ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை.

நம் வட்டாரத்தில் இந்த ஆட்டங்களுக்கு எழுதப்பட்ட விதி கிடையாது என்பது அடுத்த குறை. கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து குமுளி ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஆடும் இருபத்தெட்டில் மலையாள வாடை இருக்கும். இரண்டு கட்டுச் சீட்டோடு ஆறு பேர் ஆடும் ஐம்பத்தாறும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் துருப்பு மறைவதில்லை. மாறாக, கேள்வி கேட்கும் விதத்திலேயே கூட்டாளிகளுக்குக் கையைச் சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஆட்களும் அவர்களும் ஒரு கல்யாண வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால், முதல் அரை மணி நேரம் சீட்டு விழாது. விதி பேசித் தீர்ப்பதிலேயே போய்விடும். துருப்பைக் காட்டச் சொன்னவர் கையில் துருப்பு இருந்தால் அதைத்தான் போட்டாக வேண்டுமா, வேறு சீட்டையும் போடலாமா? துருப்பின் ராஜாவும் ராணியும் ஒரே கையில் சேர்ந்தால் கேள்வியில் நான்கைக் குறைக்கலாமா, கூடாதா? கடைசிப் பிடி வரை யாரும் காட்டச் சொல்லாமலே போய்விட்டால் அந்த ஆட்டம் செல்லுமா? ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு ஒரு பதில் இருக்கிறது. காட்டச் சொன்னவர் துருப்பை வைத்திருந்தால் போட்டே ஆக வேண்டும் என்பதுதான் சரியான விதி என்பது என் கட்சி. இல்லாவிட்டால், வெட்டும் எண்ணமே இல்லாமல் இரகசியத்தை மட்டும் இலவசமாகத் தெரிந்துகொள்ள வழி திறந்துவிடுகிறது. கேட்பதற்கு ஒரு விலை இருந்தால்தான் கேட்காமல் விடுவதற்கும் பொருள் இருக்கும். ராஜா ராணி விவகாரத்தில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை.

இந்தக் குடும்பத்து ஆட்டம் கடல் தாண்டியும் போயிருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது. அவர்களுடைய வழிவந்தவர்கள் அங்கே துனீ என்ற பெயரில் ஆடுகிற ஆட்டத்திலும் ஜாக்கிதான் தலை, அதற்கு அதே 30 புள்ளி, கூட்டினால் வருவதும் அதே 304. எட்டையும் ஏழையும் எடுத்துவிட்டு 24 சீட்டில் ஆடுகிறார்கள் என்பதுதான் வேறுபாடு. அங்கே இருப்பவர்கள் விதிகளை எழுதி வைத்துக்கொண்டு, அணி சேர்த்துப் போட்டிகள் நடத்துகிறார்கள். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் ஆடி இந்திய இணை ஒன்று தங்கம் வென்றபோது தங்கள் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களும் அதைப் பெருமையாகவே வெளியிட்டன. அது சீட்டுக்கட்டால் ஆடிய ஆட்டம் என்பது அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, தங்கள் செய்தியாளர்களுக்கு. சீட்டாட்டக் கைது பற்றி எழுதும்போது, முதல் தகவல் அறிக்கையில் உள்ளபடி ஆட்டத்தின் பெயரையும் பணம் வைத்து ஆடினார்களா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால் போதும். தலைப்பில் "சீட்டு" என்பதற்குப் பதிலாக "பணம் வைத்துச் சூதாட்டம்" என்று போடுவதால் இடம் ஒன்றும் பெரிதாகக் கூடிவிடாது.

இரண்டாவது, ஞாயிறு இணைப்பிதழ் ஆசிரியருக்கு. அந்தப் பக்கத்தில் சதுரங்கப் புதிரும் சுடோக்குவும் குறுக்கெழுத்தும் வருகின்றன. அவற்றோடு வாரம் ஓர் இருபத்தெட்டுப் புதிருக்கு இடம் ஒதுக்கலாம். மேலே நான் காட்டியது போல ஒருவருடைய கை, அதுவரை விழுந்த சீட்டுகள், கேட்டவரின் கேள்வி ஆகியவற்றை மட்டும் கொடுத்து, துருப்பைக் காட்டச் சொல்லலாமா, கூடாதா, என்ன காரணம் என்று கேட்டால் போதும். படம் வரைய வேண்டிய தேவையில்லை. ஆறு அல்லது ஏழு வரிகளில் அடங்கிவிடும். விதி வேறுபாட்டால் சண்டை வராமல் இருக்க, எந்த விதிப்படி புதிர் அமைந்தது என்பதை முதல் வாரத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டுவிடலாம். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் போடியிலிருந்தும் அந்த விதிகளை மறுத்துக் கடிதங்கள் வரும் என்பது உறுதி. அவற்றையும் தொகுத்து வெளியிட்டால், இந்த வட்டாரத்தில் யார் எப்படி ஆடுகிறார்கள் என்ற பதிவு முதன்முதலாக அச்சில் கிடைத்துவிடும்.

தொடக்கத்துக்கு உதவியாக இருக்கட்டும் என்று நான்கு புதிர்களை எழுதி, விடையும் விளக்கமும் தனித்தாளில் வைத்து, இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். ஆசிரியர் குழுவில் இருபத்தெட்டு ஆடத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார்; அவரிடம் விடைத்தாளைக் கொடுக்காமல் புதிர்களை மட்டும் முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். மூன்றாவது புதிருக்கு இரண்டு விடைகள் சரியாக வரக்கூடும் என்று எங்கள் திண்ணையில் ஒருவர் வாதாடினார். அவர் சொல்வது சரியென்று தோன்றினால் அதை மட்டும் விட்டுவிடலாம். வெளியிடும் பட்சத்தில், விடையை அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடாமல் அடுத்த ஞாயிறு வரை நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.